எதிர்பார்க்கும் வருமானம்

மாதம் நாற்பது லட்சம் இணைப்பிகள்
பாயான் லெப்பாஸில் எங்கள் வாசலைத் தாண்டும்.
ஒன்று குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.
கணக்குப் பிரிவில் பத்தொன்பது வருடம்;
பிசகைப் பிடிக்கத்தான் சம்பளம்.

பழைய அச்சுகள் துருவேறிக் கிடந்த பின்கட்டு அறையை
மூன்று பேர் கேட்டார்கள்.
பராமரிப்புத் தவனேசன், தரச்சோதனை ஹஸ்லிண்டா,
பயிற்சிக்கு வந்து திரும்பிப் போகாத பூன் ஹொக்.
மீன்பெட்டிக்குள் ஐஸ் உருகுவதைக்
கரையிலிருந்தே அறியும் கருவி செய்யப் போகிறார்களாம்.
நாங்கள் காருக்குச் செருகி செய்கிறவர்கள்.
மீனுக்கும் எங்களுக்கும் உறவு
கேண்டீன் குழம்போடு சரி.

முதலாளி ஊய் கையெழுத்துப் போட்டார்:
வெள்ளிக்கிழமைப் பிற்பகல்கள், அந்த அறை,
எண்பதாயிரம் ரிங்கிட்.
"பதினோரு மாதத்துக்கு
யாரும் இவர்களிடம் லாபம் கேட்கக் கூடாது."
என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
எதிர்பார்க்கும் வருமானம்.
காலியாக விட்டால் கணினி ஏற்காது,
பூஜ்யம் போட்டால் சிவந்துவிடும்.
இரவு ஏழு மணிவரை
அந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டிவிட்டு
ஒரு ரிங்கிட் என்று எழுதினேன்.
எங்கிருந்து வரும் என்று யாராவது கேட்டிருந்தால்
சட்டைப்பையைத்தான் காட்டியிருப்பேன்.

முதல் கருவி உப்பில் செத்தது.
இரண்டாவது உயிரோடிருந்து பொய் சொன்னது,
ஐஸ் இருக்கிறது, ஐஸ் இருக்கிறது என்று,
நாறிப்போன பெட்டிக்குள்ளிருந்து.
தெலுக் கும்பாரில் படகுக்காரர்
அதைத் தவனேசன் கையில் திருப்பிக் கொடுத்து
கூடவே ஒரு கிலோ கெம்போங்கும் கொடுத்தாராம்,
இரக்கப்பட்டு.

வழக்கமாக இதைக் 'கழிவு' என்று எழுதுவோம்.
விரல் போகவில்லை.
'படிப்புச் செலவு' என்று தட்டினேன்.
தணிக்கைக்கு வந்த பெண் கேட்டாள், யார் படித்தது?
நானும்தான் என்றேன்.

இப்போதெல்லாம் வெள்ளி நான்கு மணிக்கு
காரணமில்லாமல் பின்கட்டுப் பக்கம் போகிறேன்.
உருகும் ஈயத்தின் வாடை.
ஹஸ்லிண்டா தலை நிமிராமல்
காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளுவாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு தாள் வந்தது,
மீன் செதில் ஒட்டிய தாள்:
கருவி ஆறு வேண்டும்.
ஏழு இலக்கத்துக்கு அளந்து வைத்த பத்தியில்
வலது ஓரமாய், தனியாய்
அந்த 6.

பத்தியைச் சுருக்கவா என்றது கணினி.
வேண்டாம்,
இருக்கட்டும் இடம்.