மூன்றாம் சீர்

தாகுவாரெம்போ தாண்டி நாற்பது கிலோமீட்டர்.
தூறல். ஏற்றம் தொடங்கும் இடத்தில்
எழுபத்தெட்டாம் வருஷத்துப் பெஜோ
ஒரு சீரை விழுங்கிவிட்டது.

தகதிமி என்று போய்க்கொண்டிருந்த வண்டி
த க … மி
த க … மி.
தளை தட்டுகிறது.
ஸ்டீயரிங்கில் நடுக்கம், கியர்க் கம்பியில் நடுக்கம்.
யமாந்தூவின் மடியில் இருந்த மாத்தேக் குடுவையில்
பச்சைத் தண்ணீர் வட்டம் வட்டமாய்.

"பெட்ரோல்" என்றாள் நேலிதா.
போட்டது அவன்,
பிரேசில் எல்லை தாண்டி வந்த மலிவுச் சரக்கு.
"பிளக்" என்றான் அவன்.
மாட்டியது அவள், மார்ச் மாதம்.
பத்தொன்பது வருஷ தாம்பத்தியத்தில்
காரணம் சொல்லவும் குற்றம் சொல்லவும்
ஒரே வார்த்தை போதுமாகிவிட்டது.

பதினொரு மணிக்கு எட்செவெரி காத்திருப்பார்,
பணத்தை உறையில் போட்டுக்கொண்டு.
விற்கப்போகிற நாள் பார்த்து
இதற்கு வந்திருக்கிறது பார் கேடு.

ஓரங்கட்டினாள். அணைக்கவில்லை.
ஆட்டுக்கு மருந்து பூசும் ரப்பர் கையுறையை
இழுத்து மாட்டிக்கொண்டு
பிளக் வயர்களை ஒவ்வொன்றாய் உருவினாள்.
முதல் வயர்: எஞ்சின் தள்ளாடியது. திருப்பிச் செருகினாள்.
இரண்டு: தள்ளாடியது.
மூன்று:
ஒன்றுமில்லை.
உருவினாலும் அதே நடை, செருகினாலும் அதே நடை.
வேலைக்கு வராதவனை
நீக்கினால் என்ன, சேர்த்தால் என்ன.
நான்காவதைத் தொடவே இல்லை.

"பெட்ரோல் கெட்டிருந்தால் நாலும் இருமும்" என்றாள்,
அவனைப் பார்க்காமல்.
அவன் குடுவையில் வெந்நீர் ஊற்றினான்.
அது நன்றி என்று அவளுக்குத் தெரியும்.

எஞ்சினை அணைத்து
மூன்றின் பிளக்கை ஒன்றிலும்
ஒன்றின் பிளக்கை மூன்றிலும் மாட்டிப் பார்த்தாள்.
நோவு இடம் மாறவில்லை.
வயரை மாற்றினாள். மாறவில்லை.
மார்ச் மாதம் விடுதலையானது.

மிச்சம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.
இரண்டு கொக்கி. கழற்றி,
மேகத்துக்கு நேரே கவிழ்த்துப் பிடித்தாள்.
உள்ளே, மூன்றாம் முனையிலிருந்து விளிம்பு வரை
ஒரு கருங்கோடு.
தலைமுடி அகலம். எறும்பு போன தடம் போல.
சமதரையில் ஒழுங்காய்ப் போன பொறி
ஏற்றம் வந்ததும்
குறுக்குவழி பிடித்திருக்கிறது, ஈரத்தில் கால் வைத்து.

அப்போதுதான் பார்த்தாள்
எஞ்சின் எவ்வளவு சுத்தமாய் இருக்கிறது என்று.
நேற்று மாலை, வண்டி வந்து நின்ற சூட்டிலேயே,
வாங்குகிறவர் கண்ணுக்கு நிறையட்டும் என்று
குழாயைப் பிடித்துக் குளிர்நீர் அடித்தது அவள்.
சூட்டில் தண்ணீர் பட்டால்
எது விரியாது?

யமாந்தூ ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

பேனாக்கத்தியால் கரியைச் சுரண்டினாள்.
சட்டை நுனியால் துடைத்தாள்.
கைப்பையைத் துழாவி
நகப்பூச்சு எடுத்தாள். மாதுளைச் சிவப்பு,
மருமகள் கல்யாணத்துக்கு வாங்கியது.
விரிசல் நெடுக ஒரு இழுப்பு.
அவன் இரு கைகளில் மூடியை ஏந்தி ஊதினான்.
வேலிக்கு அப்பால் இரண்டு நாந்தூப் பறவைகள்
நீளக் கழுத்தை நீட்டி நின்றன,
உள்ளூர்க்காரர்கள் போல.

மாட்டினாள். முடுக்கினாள்.
தகதிமி. தகதிமி.

எட்செவெரி பானெட்டுக்குள் குனிந்து
தட்டினார், முகர்ந்தார்,
விடாப்பிடியாய் மூடியையும் கழற்றினார்.
சிவப்புக் கோட்டில் விரல் நின்றது.
"இது?"

நேலிதா வாய் திறக்குமுன்
"நான்தான் கழுவினேன், சூட்டோடு" என்றான் யமாந்தூ.

புது மூடியின் விலையைக் கழித்துக்கொண்டு
மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பினார்கள்.
ஆறு சிலிண்டர். ஒன்றும் தப்பவில்லை.
இருந்தும் வீடு வரும் வரை
அவள் எண்ணிக்கொண்டே வந்தாள்,
அவன் தோளில் காது வைத்து.