பதினோராவது படி

ஐடஹோவின் வறண்ட மேட்டில்
மாதம் ஒருமுறை ஒரு பூஜ்யம் எழுத
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இரும்பு மூடியைத் தூக்கி
ஏணியில் பதினொரு படி இறங்கினால்
சுவரில் ஒரு குழாய், அதனடியில் கண்ணாடிக் குடுவை.
மேலே பெய்தது இதுவரை இறங்கியதா?
கேள்வி அவ்வளவுதான்.
குடுவை காய்ந்திருந்தால் நல்ல மாதம்.

அதற்கும் கீழே,
என் அம்மா பிறந்த வருடம்
லாரியிலிருந்து சரித்துவிட்ட பீப்பாய்கள்.
கையுறை, துடைத்த துணி, உடைந்த பம்பு, கசடு.
பட்டியலில் பாதிக்கு மேல்
‘இதர’ என்று மட்டும் இருக்கிறது.

மேலே இரண்டரை மீட்டர் மண்.
மண்ணின்மேல் சேஜ் புதர்,
இடுப்புயரம், சாம்பல் பூசிய பச்சை,
கசக்கினால் கற்பூரத்தில் மிளகு இடித்த வாடை.
மார்ச்சில் பனி உருகி இறங்குவதற்குள்
வேர்கள் குடித்துவிட வேண்டும்,
குடித்ததை இலைவழி வானத்துக்கே
திருப்பிவிட வேண்டும்.
ஆகஸ்டிலும் அவை தாகத்தோடு இருப்பதுதான்
எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு.
வேலியே பயிரை மேய்ந்த கதை உண்டு.
இங்கே பயிர்தான் வேலி.

ஆனால் எல்லா வேரும்
சொன்ன ஆழத்தில் நிற்பதில்லை.
உருளும் முட்செடி ஒன்று உண்டு.
அது கீழே போய் ஸ்ட்ரான்சியத்தைத் தொட்டு
கால்சியம் என்று எண்ணி உறிஞ்சிவிடும்.
செடிக்கு வேதியியல் தெரியாது என்று சொல்லாதீர்கள்.
தெரிந்ததால்தான் ஏமாந்தது.
இலையுதிர்காலத்தில் தண்டு ஒடிந்து,
காற்று தள்ள,
கம்பிவேலி தாண்டி உருண்டு போகும்.
ஒன்று பள்ளிப் பேருந்து நிற்கும் இடம்வரை போயிருந்தது.
டோரி யராகென் கருவியை நீட்டினாள். அது கடகடத்தது.
பெட்டியில் அடைத்து, எண் ஒட்டி,
மறுபடி புதைத்தோம்.

எறும்புகளை என்ன செய்வது?
சோதனைப் பாத்தியில் இரண்டு மீட்டர் கீழே
டோரி நீலக் கண்ணாடி மணிகளைப் போட்டு மூடினாள்.
மூன்றாம் கோடையில்
புற்றின் உச்சியில் ஒரு நீலம்,
வெயிலில்.

பிறகு ஒரு ஜூலையில்
சரக்கு ரயிலின் பிரேக்குப் பொறி.
மாலைக்குள் மேடு கரி.
அடுத்த வசந்தத்தில் எல்லாம் பச்சை.
பாய்ஸியிலிருந்து வந்த அதிகாரி
‘அதற்குள் தேறிவிட்டதே’ என்று படம் எடுத்துக்கொண்டார்.
அது சீட்புல்.
மே மாதமே குடித்து முடித்து
மஞ்சளாகிச் சாகிற அவசரக்காரப் புல்.
நவம்பர் மழைக்கு
மேட்டில் குடிக்க ஆள் இல்லை.

ஜனவரி. பதினோராவது படி.
குடுவையின் அடியில்
நகக்கண் ஆழத்துக்குத் தண்ணீர்.
நான்கு மில்லி.
பூஜ்யமே எழுதிப் பழகிய கை
நான்கை எப்படித் தொடங்குவது என்று
ஒரு கணம் நின்றது.

ஆய்வகம் சொன்னது: வெறும் தண்ணீர்.
இன்னும் வெறும் தண்ணீர்.

ஆயிரம் வருடத்துக்குப் பத்திரம் என்று சட்டம் கேட்கிறது.
எங்கள் ஒப்பந்தம் ஐந்து வருடம்.
சேஜ் இடுப்புக்கு வர இருபது.
இந்த மூன்று எண்களையும்
ஒரே தாளில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

அக்டோபரில் விரல் நீள நாற்றுகள் நட்டோம்,
நாலாயிரம்.
மூன்றில் ஒன்று பிழைத்தால் அதிர்ஷ்டம்.
நீர் ஊற்றக் கூடாது என்பது விதி.
ஊற்றுவது கீழே போகும்.
ஊற்றாவிட்டால் இவை போகும்,
பிறகு எல்லா மழையும் கீழே போகும்.
இதைப் பற்றி டோரியும் நானும்
வண்டியில் வீடுவரை சண்டை போட்டிருக்கிறோம்.

ஜூனில், எண் எழுதிய குச்சிகளுக்கிடையே
அவள் மண்டியிட்டிருந்தாள்.
தன் குடிநீர்ப் புட்டியைத் திறந்து
சுருண்டுபோன ஒரு நாற்றின் அடியில்
மெதுவாக, மண் கரையாமல், கவிழ்த்தாள்.
அரை லிட்டர் இருக்கும்.

நான் பார்த்தேன்.
அறிக்கையில் எழுதவில்லை.

நாளை ஜூலை ஒன்று.
மூடி வெயிலில் சுடும்.
கையுறை எடுத்துப் போக வேண்டும்.