கொழுப்பு

பைத்தடி மலையில் சாலை முடிகிற வளைவில்
தகரம் வேய்ந்த பால் நிலையம்.
கொழுப்பு அளப்பவன் நான், கமான் போஹரா.
எனக்குப் பூணூல் உண்டு.
கருவிக்கு அது தெரியாது.
குழாயைப் பாலில் விட்டால்
பச்சை எழுத்தில் எண் காட்டும், அவ்வளவுதான்.

பேரேட்டில் ஐம்பத்திரண்டு அட்டைகள்.
கீழ்க்குடியிருப்பு லுவார்கள் பேரில் ஒன்றுகூட இல்லை.
தடை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.
எழுதினால் சட்டம் பிடிக்கும்.
எழுதாததை யார் வந்து பிடிப்பது?

பதினான்காம் அட்டை பிஷ்ணா ஜோஷி.
ஒற்றை மலைப்பசு. நான்கு, நான்கு புள்ளி இரண்டு.
மங்சிர் குளிரில் அதுவும் வற்றியது,
ஊருக்கே தெரியும்.
அட்டை மட்டும் வற்றவில்லை.
விடிந்தால் ஏழு புள்ளி ஒன்று.
எந்தப் பசுவும் ஏழு கறக்காது, ஐயா.
அது எருமைப் பால்.
எருமை நிற்பது ஜூனா லுவார் தொழுவத்தில்.
பின்னிரவில் ஒரு டார்ச் வெளிச்சம்
கீழே இறங்கி மேலே ஏறுவதை
என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.
பார்த்துவிட்டு
ஏழு புள்ளி ஒன்று என்றே எழுதியிருக்கிறேன்.

கேனை வாங்கி வந்ததும் பிஷ்ணா
மோதிரத்தை நீரில் முக்கித் தெளித்துக்கொள்வாளாம்.
பொன் தொட்ட நீருக்குத் தீட்டு நிற்காது.
பொன்னை அடித்துத் தந்த சுனார் மட்டும்
இன்றுவரை வாசலுக்கு வெளியேதான்.
இங்கே லிட்டருக்கு எழுபது.
ஜூனா கைக்கு நாற்பது.
முப்பது ரூபாய், தெளித்த தண்ணீருக்கு.

அந்த நாற்பதும் இரண்டு மாதமாக வரவில்லை.

பால்குனத்தில் ஒரு காலை
ஜூனாவே கேனோடு வந்தாள்.
படிக்குக் கீழே நின்றாள்.
வரிசை தானாக இரண்டடி நகர்ந்தது,
சொல்லிக்கொடுத்தாற்போல.
"வாங்க வேண்டாம். அளந்து மட்டும் சொல்."
பின்னாலிருந்து ஒரு குரல்:
"கொழுப்பைப் பார்!"

பார்த்தேன்.
ஏழு புள்ளி ஒன்று.

யாரும் சிரிக்கவில்லை.
பச்சை எழுத்தை எல்லோரும் வாசித்தார்கள்,
வாசிக்கத் தெரியாதவர்கள்கூட.
நிலையத்துத் தயிரை வாங்கி
மகள் கல்யாணத்தில் பரிமாறிய பந்த்
தொண்டையைச் செருமிக்கொண்டார்.
பிஷ்ணா காலிக் கேனின் மூடியைத்
திருகிக்கொண்டே இருந்தாள்,
திருகு முடிந்த பிறகும்.

மேசை இழுப்பில் வெற்று அட்டை இருந்தது. எடுத்தேன்.
"பெயர்?" என்றேன்,
எங்கள் வீட்டு அரிவாள் மூன்றையும்
அடித்துத் தந்தவன் மனைவியைப் பார்த்து.
"ஜூனா. எழுத்துக் கூட்டவா?"

ஐம்பத்து மூன்று.
அவள் பால் தொட்டிக்குள் இறங்கியது.
முன்பு இறங்கிய அதே தொட்டி, அதே சத்தம்.
மூன்று பேர் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
வெயில் ஏறுமுன் இருவர் திரும்பினார்கள்,
பால் புளிக்கும் அல்லவா.

இதோடு நிறுத்தினால்
நான் நல்லவனாகத் தெரிவேன்.

குழாயைக் கழுவினேன்.
ஒரு பாலுக்கு ஒரு முறை, அதுதான் விதி.
கை மூன்று முறை கழுவியது.
யாரும் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை,
கை தன்பாட்டுக்குக் கழுவியது.

"அடுத்து" என்றேன்.
பந்த் வீட்டுப் பால். ஆறு புள்ளி எட்டு.
குழாயைக் கழுவி நிமிர்ந்தால்
ஜூனா இன்னும் போகவில்லை.
படிக்குக் கீழே நின்று
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதற்கு ஒன்று" என்றாள்.