இழுப்பு

ஜோவிலினின் இன்ஹேலர்
இந்த முறையும் பதினோரு நாளில் தீர்ந்துவிட்டது.
இருநூறு அழுத்தம் கொண்ட குப்பி.
ஒருத்திக்கு என்றால் மாதக் கணக்கில் வரவேண்டும்.
கணினி மஞ்சள் கட்டம் போட்டுக் கேட்கிறது:
முன்கூட்டியே ஏன்? காரணம் எழுதுக.
மே மாதம் "தொலைந்தது" என்று எழுதினேன்.
ஜூனில் "கடலில் விழுந்தது".
இப்போது ஜூலை.
எங்கள் வளைகுடாவின் அடியில்
எத்தனை நீலக் குப்பிகள்தான் கிடக்கும்?

இந்த ஊருக்கு மருந்துக்கடை ஒன்றுதான்,
மாதா கோயிலுக்கும் லாப்ஸ்டர் ஆலைக்கும் நடுவில்.
ஓடு உடைக்கிற கூடத்தில் எழும் நீராவி
நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
என் அம்மாவுக்கும் உட்கார்ந்தது.
நாங்கள் அதை நோய் என்று சொன்னதில்லை,
சீசன் என்றோம்.
இப்போது எங்கள் பிள்ளைகள் மாங்க்டனில் கணினி முன்னால்.
ஓடு உடைக்க பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறார்கள்.

ஜோவிலினுக்கு மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது.
சைக்கிளை மேட்டில் மிதித்து வந்தும் இரைப்பதில்லை.
டாக்டர் முன்னால் இருமிக் காட்டியிருப்பாள்.
நடிப்பு வராத முகம், பாவம்.
அந்த வீட்டில் அட்டை உயிரோடிருப்பது
அவளுக்கு மட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படகுத்துறை பெஞ்சில் பார்த்தேன்.
மூன்று பேர், ஒரு குப்பி.
ஒருத்தி இழுத்தாள், மூச்சைப் பிடித்தாள்,
தொடையில் விரல் தட்டிப் பத்து எண்ணினாள்,
வாய்முனையைச் சட்டையில் துடைத்து
அடுத்தவளிடம் நீட்டினாள்.
ஜோவிலின் நடுவில் இருந்தாள்.
வாங்கி, இழுக்காமல், அந்தப் பக்கம் கொடுத்தாள்.

மறுநாள் ரோஸெண்டா கடைக்கு வந்தாள்.
அட்டை இல்லாமல் டாக்டரைப் பார்க்க எவ்வளவு ஆகும்?
சொன்னேன்.
பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தாள்,
மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய கடிதம்.
புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்று, பணம் கட்டியாயிற்று.
முடிவு வரும்வரை முன்போலவே வேலை செய்யலாம்.
முன்போலவே வரி பிடிக்கலாம்.
அட்டை மட்டும்
பழைய பெர்மிட்டின் தேதியோடு உடன்கட்டை ஏறிவிட்டது.
கைகளுக்கு அனுமதி உண்டு.
நுரையீரல் நிலுவையில்.
அங்கே கோப்பு இழுக்கிறது,
இங்கே நெஞ்சு இழுக்கிறது.
இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு
நன்றி சொல்லிப் போனாள்.

"உரிமம் போய்விடும்" என்றாள் ஆர்மெல்,
பின்னறையில் மாத்திரை எண்ணிக்கொண்டே.
"நீ மூச்சுக் காட்டாதே" என்றேன்.
சொன்ன பிறகுதான்
சொன்னது என் காதில் விழுந்தது.

தப்பென்று எனக்கும் தெரியும்.
நீலக் குப்பி அவசரத்துக்கு.
யாரும் காது வைத்துக் கேட்காத நெஞ்சுக்குத்
தினமும் அதைக் கொடுப்பது
விரிசல் விட்ட படகுக்கு வண்ணம் அடிப்பது.
ராத்திரி ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால்
திரும்பிப் படுக்க முடிவதில்லை,
ஆலைப் பக்கம் போகிறதா, தாண்டிப் போகிறதா.

இருந்தும் ஜூலையில் எழுதினேன்: "கடலில் விழுந்தது."
ஆகஸ்டில்: "மறுபடியும்."

செப்டம்பரில் பெஞ்சில் இருவர்தான்.
ரோஸெண்டா எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஜோவிலினும் சொல்லவில்லை.
அந்த மாதக் குப்பி
பதினெட்டு நாள் வந்தது.

அக்டோபர் மழையில் ஒருத்தி உள்ளே வந்தாள்.
கையில் புது அட்டை, பிளாஸ்டிக் மணம் போகாதது.
நெனிதா, டாக்டர் சீட்டோடு.
அவள் வாய் திறக்குமுன்பே அந்த இரைப்பை எனக்குத் தெரியும்.
கணினிக்குத் தெரியவில்லை.
புதிய நோயாளி, என்றது.
முந்தைய மருந்துகள்: எதுவுமில்லை.

கேட்டாக வேண்டும், விதி.
"இதற்கு முன் இன்ஹேலர் எடுத்ததுண்டா?"
கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்தாள்.
"இல்லை. இதுதான் முதல்முறை."

எப்படி இழுப்பது என்று காட்டிக்கொடுத்தேன்.
வெகு கவனமாகப் பார்த்தாள்.
பிறகு வாங்கி, இழுத்து, மூச்சைப் பிடித்து,
கவுண்டர் விளிம்பில் விரல் தட்டிப் பத்து எண்ணி,
வாய்முனையைச் சட்டையில் துடைத்து
என்னிடம் நீட்டினாள்.