பேரினம், சிற்றினம்

படிவத்தின் முதல் கட்டம் பேரினம்.
அடுத்தது சிற்றினம்.
முதல் சொல்லை அதுவரை நான்
ரேடியோச் செய்தியில்தான் கேட்டிருந்தேன்.
சிரித்துவிட்டேன். பேராதனையிலிருந்து வந்த
தினூஷி மிஸ்ஸுக்கு ஏனென்று விளங்கவில்லை.
யாரோ தமிழாக்கிக் கொடுத்த தாள் அது.

பசறைக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையில்
பசளைக்கு நட்ட கிலுகிலுப்பை காய்ந்து நிற்கிறது.
காய்ந்ததுதான் வேண்டும் இவைகளுக்கு.
எல்லாம் ஆண்கள். கறுப்பு இறக்கை, வெள்ளைப் பொட்டு,
ஒரு தண்டுக்கு முப்பது நாற்பது,
கசப்பை உறிஞ்சிக்கொண்டு,
சம்பள நாளில் தவறணை மாதிரி.

காக்கை என்று பெயராம்.
எல்லாம் ஒரே மாதிரி இருக்கே மிஸ் என்றேன்.
எங்கள் கங்காணியும் எங்களை அப்படித்தான் சொல்வார்.
"இறக்கையை வெளிச்சத்துக்குக் காட்டுங்க."
ஒற்றைக் கோடு இருந்தால் ஒன்று,
இரட்டைக் கோடென்றால் வேறொன்று.
நீலம் ஓடினால் மூன்றாவது.
நாலாவது உள்ளங்கை அகலம் இருக்குமாம்,
இன்னும் நான் காணவில்லை.
ஒற்றை லயம், இரட்டை லயம்.
கோடு பார்த்துப் பிரிப்பது எனக்குப் புதிதில்லை.

கொழுந்துக்குக் கிடைக்கும் அதே நாட்கூலி.
முதுகில் பாரமில்லை. அட்டை உண்டு.

கரிச்சான் வந்து கம்பியில் உட்கார்ந்தாலும்
இவைகளுக்கு அவசரமில்லை.
புழுவாய் இருந்தபோது அலரி இலை தின்றவை.
நஞ்சு உள்ளே இருக்கிறது,
பிறகென்ன.

பன்னிரண்டாம் நாள் ஒன்று வந்தது.
அதே கறுப்பு, அதே பொட்டு, அதே சோம்பல்.
என் நிழல் விழுந்ததும்
விர்ரென்று தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது.
மிஸ் முன்னமே சொல்லித் தந்திருந்தார்:
நஞ்சில்லாத சாதி, வேஷம் போட்டு வரும்,
அதற்கு வேறு கட்டம், அதில் எழுதுங்க.

அந்த ஜூலையில் பதுளையில் ஏறிய பஸ்ஸில்
அம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.
பிறகு எச்சில் தொட்டு என் பொட்டையும்.
பாதி வழியில் ஏறியவர்கள் பெயர் கேட்டார்கள்.
"பியசீலி."
தடுமாறவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி
மெதுவாகக் கொட்டாவிகூட விட்டாள்.
அவ்வளவு ஆறுதலாக அம்மாவை
நான் வேறெந்த நாளும் பார்த்ததில்லை.
இறங்கிய பிறகுதான் ஓடினாள்,
என் கை கழன்றுவிடும்போல.

பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.
காக்கைக் கட்டத்தில்
ஒரு கோடு கூடப் போட்டேன்.

மிஸ் கூட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.
நமுனுகுலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வர
வலையைச் சுருட்டி இறங்கினோம்.

பேராதனையில் ஏதோ ஒரு மேசையில்
அந்தக் கணக்கு
ஒன்று அதிகமாக இருக்கிறது.