ஆறாம் பக்கத்துப் பேய்கள்

ஞாயிறு மலர், ஆறாம் பக்கம்,
திருமண மண்டப விளம்பரத்துக்கு மேலே
என் பெயர் இருக்கும்.
பத்திக்கு முப்பது வெள்ளி.
பதினோரு வருடம் கழித்து முப்பத்தைந்து.

ஈப்போ சாலை அலுவலகத்தில்
அமைச்சர்கள் முதல் பக்கத்துக்குப் போனார்கள்,
கவிஞர்கள் நாலாம் பக்கத்துக்கு.
எனக்கு ஒதுங்கியவை
ரத்தக்காட்டேரி, குட்டிச்சாத்தான்,
வேற்றுக்கிரகத்து ரப்பர் முகமூடி,
கைநீட்டிக் குதித்து வரும் சீனப் பிணங்கள்,
வாழைத்தோப்பில் சிரிக்கும் பொந்தியானாக்.
'செகா, உனக்குத்தான் பயமே கிடையாதே'
என்பார் ஆசிரியர் ஆரோக்கியசாமி.
பயம் இருந்தது.
வாடகையும் இருந்தது.

செந்தூல் அடுக்ககம், பதினாலாம் மாடி,
பதினாலு அங்குலத் தொலைக்காட்சி.
ஏரியலைப் பிடித்துக்கொண்டு சன்னலோரம் மனைவி:
'இப்ப தெரியுதா?'
'பேய் தெரியுது. தலை தெரியலே.'
'கதையே அப்படியா இருக்கும்.'
நான் அதையும் குறித்துக்கொள்வேன்.

தணிக்கையில் முத்தம் முழுசாகப் போகும்,
ரத்தம் பாதி.
அவள் கதவைத் திறப்பாள்,
அடுத்த நொடி மருத்துவமனை.
நடுவில் நடந்ததை
நாற்காலியில் சாய்ந்து யூகிப்பதே
நான் கற்ற தொழில்.
கொட்டகை இருட்டில் எழுதிய குறிப்புகள்
வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.
எதைப் பாராட்டினேன், எதைக் கிழித்தேன்,
பல வாரம் எனக்கே பிடிபடாது.

அந்த ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது.
உள்ளூர்த் தொடர், பதின்மூன்று வாரம்,
ஆற்றங்கரையில் ஒரு பேய்.
எழுதினேன்:
'இதைவிட, மழையில் எடுக்க மறந்த துணி
கொடியில் நின்று நன்றாக மிரட்டும்.'
உணவுக்கடைகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.
ஆரோக்கியசாமி தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.
அந்த மாதம்தான் ஐந்து வெள்ளி கூடியது.

ஆறாம் பக்கம் நின்று போனது.
பேய்கள் எல்லாம் கைப்பேசிக்குள் குடிபோய்விட்டன,
என்னைக் கேட்காமல்.

போன புதன், செத்தாப்பாக் அஞ்சலகம்.
சாலை வரி. எண் நானூற்றுப் பதினேழு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள்,
அடையாள அட்டையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடி அட்டையை.
'எடுக்க மறந்த துணி' என்றார்.

பெயர்ப்பட்டையில் தேவநாயகி.
முகம் எனக்கு ஞாபகமில்லை.
'எப்படி இருக்கும்?
கேமரா முகத்துக்கு வரவே இல்லையே.
அது என் படுக்கை விரிப்பு, சார்.
துணிக்குக் காசில்லைன்னு சொல்லிட்டாங்க.
கோம்பாக் ஆத்துலே இடுப்பளவு தண்ணி,
ராத்திரி ஒன்பதுலேர்ந்து ஒன்றரை வரைக்கும்.
முட்டிக்குப் பின்னாலே ஒரு அட்டை.
அப்புறம் வீட்டுக்குப் போயி
அதே விரிப்புலேதான் படுத்தேன், ஈரத்தோடே.
வேறே இல்லே.'

ஆயிரம் பத்திக்கு மேல் எழுதியவன்
வாயைத் திறந்தேன்.
கதவு திறந்தது; அடுத்த நொடி மருத்துவமனை.

'நல்ல வரிதான்' என்றார்,
முத்திரையை மையில் ஒற்றியபடி.
'எங்க வீட்டுக்காரர் வெட்டி வெச்சிருந்தார்,
சண்டை வந்தா வாசிச்சுக் காட்டுவார்.
தொண்ணூறு வெள்ளி.'
கொடுத்தேன்.
நானூற்றுப் பதினெட்டு என் தோளுக்குப் பின்னால் இருமியது.

அன்று மாலை செந்தூலில் மழை.
எதிர் அடுக்ககத்தில்,
பத்தோ பதினொன்றோ, ஏதோ ஒரு மாடியில்,
மூங்கில் கழியில் ஒரு வெள்ளை விரிப்பு.
யாரும் எடுக்க வரவில்லை.
காற்று அதற்கு ஒரு தோளைக் கொடுத்தது,
பிறகு ஒரு முட்டியை.
மனைவி கேட்டாள்,
'அங்கே என்ன அப்படிப் பார்க்கிறீங்க?'

விளக்கைப் போடச் சொன்னேன்.