நனையாத பத்தி

குளிரூட்டி இரண்டு. ஏழாயிரத்து இருநூறு ரிங்கிட்.
உபயம்: ஏஜெண்டு பெஞ்சமின் ஞானாதிக்கம்.
ரசீது எழுதச் சொல்லிவிட்டுப் போதகர் போய்விட்டார்.
ரசீதுப் புத்தகம் தேடி அலமாரியைக் கிளறினால்
கையோடு வருகிறது வேறொன்று,
செல்லரித்த ஞானஸ்நானப் பதிவேடு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

கிராணியின் எழுத்து, கொக்கி கொக்கியாய்.
பூவாயி, இனிமேல் சூசன்னாள்.
வயது சுமார் பத்தொன்பது.
மூன்றாம் லயம், பெரட்டு எண் நாற்பத்தொன்று.
கங்காணிக்குப் பாக்கி இருபத்தேழு வெள்ளி.
கோயில் ஏட்டில் கடனுக்கு எதற்கு ஒரு பத்தி?
இரண்டு பக்கம் தள்ளி அவளே மறுபடி, கல்யாணத்தில்:
பாக்கி முப்பத்தொன்று.

நெற்றி நனைந்திருக்கிறது.
கடன் நனையவில்லை.

போன மாதம் வர்ஜீனியாவிலிருந்து
ஒரு கறுப்பினப் போதகியம்மா வந்திருந்தார்.
ஆராதனை முடிந்து தேத்தண்ணி நேரத்தில் சொன்னார்:
ஞானஸ்நானம் எடுத்தாலும் அடிமை அடிமைதான் என்று
அங்கே ஒருகாலத்தில் சட்டமே போட்டார்களாம்.
அதன்பிறகு எஜமான்களுக்கு ஒரு பயம் விட்டது,
கோயிலுக்கு அனுப்பினார்கள்,
கீழ்ப்படியச் சொல்லும் வசனமாய்ப் பார்த்துப் படிக்கவைத்தார்கள்.
"என் குடும்பப் பெயர்கூட ஒரு போதகருடையது.
அவர் எங்களுக்கு உறவில்லை. உடைமைக்காரர்."

நாங்கள் ச்சோ கொட்டினோம்.
கறிபாப் தட்டை அவர் பக்கம் நகர்த்தினோம்.
கண்ணைத் துடைத்துக்கொண்டவர் பெஞ்சமின் ஒருவர்தான்.

பின்வரிசை இரண்டு பெஞ்சும் திமோர் பையன்களுக்கு.
ஆறு நாள் செம்பனைக் குலை,
ஏழாம் நாள் இஸ்திரி போட்ட சட்டை.
பாஸ்போர்ட்டெல்லாம் பெஞ்சமின் ஆபீஸ் இரும்புப்பெட்டியில்.
"தொலைத்துவிடுவான்கள், பாவம்" என்பார்.

பத்தாங் பெர்ஜுந்தையில் கடை அடைக்கிற நேரம்.
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வராமல் நிற்கிறான் மெல்கியானுஸ்.
"சூராட் வேண்டும், காக்.
என் பெயர் போட்ட ஏதாவது ஒரு காகிதம்.
இங்கே ஞானஸ்நானம் எடுத்தால் தருவீர்களாமே?"

ஊரிலேயே எடுத்திருப்பாயே, என்றேன்.

"எடுத்தேன். அந்தக் காகிதமும் அவரிடம்தான்."

தலைக்கு மேல் புதுக் குளிரூட்டி,
நன்றாகத்தான் குளிர்கிறது.
கோயில் முத்திரை என் இழுப்பறையில்.
கையெழுத்துப் போடவேண்டியவர் செயலாளர்.
செயலாளர் பெஞ்சமின்.

ரசீதுப் புத்தகம் இன்னும் அகப்படவில்லை.
பேனா மூடியைக் கழற்றி,
உள்ளே வந்து உட்கார் என்றேன்.
பெயரைச் சொல்.
எழுத்து எழுத்தாய்.